நம் ஊரில் தெரியாத ஒளியும், நம் வீட்டுப் பழைய நோட்டும்

இலத்தூரில் இதுவரை யாரும் பார்த்திராத, இனிமேலும் பார்க்க வழியில்லாத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். துருவ ஒளி. ஆங்கிலத்தில் அரோரா என்பார்கள். 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் சூரியனிலிருந்து கிளம்பிய பெரிய காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியபோது, லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் உள்ள வானாய்வகத்தின் கேமராவில் வானம் சிவந்து பதிவாகியது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர்களில் ஒருவர் கேட்டார்: "சார், குற்றாலத்து மலை மேல ஏறி நின்னா நமக்கும் தெரியுமா?"

தெரியாது. ஆனால் ஏன் தெரியாது என்று யோசிக்கப் போனால் அது நம்மை எங்கெங்கோ கொண்டு போகிறது. ஜப்பானியக் கவிஞரின் நாட்குறிப்புக்கு, பம்பாய் கொலாபாவுக்கு, கடைசியில் நம் பொதிகை மலை உச்சிக்கே. இதில் எனக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி போட்டு, திசை போட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிய ஒரு வரிக்கு எந்தப் பெருமைப் பேச்சும் ஈடாகாது. அப்படிப்பட்ட வரிகள் நம் வீடுகளிலும் இருக்கின்றன. அவற்றை நாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் இந்த ஒளி எப்படி வருகிறது என்று பார்ப்போம். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமி ஒரு பெரிய காந்தம். அந்தக் காந்தப்புலம் துகள்களைப் பெரும்பாலும் விலக்கிவிடும். சில துகள்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் கீழே இறங்கும். நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள மெல்லிய காற்றில் அவை மோதும்போது காற்று ஒளிர்கிறது. ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். இருநூறு கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். வெகுதூரத்தில் தெற்கே இருப்பவனுக்கு, அடிவானத்துக்கு மேலே அந்த உயரமான சிவப்பு மட்டும்தான் எட்டிப்பார்க்கும். ஹான்லே கேமராவில் விழுந்ததும் அந்தச் சிவப்புதான்.

இந்த ஒளி துருவத்தின் மேல் ஒரு புள்ளியாக இருப்பதில்லை. காந்த முனையைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்கள் தலையில் சும்மாடு கட்டுவார்களே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் தலையில் ஒரு ஒளிச் சும்மாடு. நாம் கவனிக்க வேண்டியது, அந்தச் சும்மாடு பூமி சுழலும் அச்சை நடுவாகக் கொண்டு உட்காருவதில்லை, காந்த அச்சை நடுவாகக் கொண்டு உட்காருகிறது. காந்த அச்சோ ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் வட கனடாவில் போய் வட காந்த முனையைக் கண்டுபிடித்தார். இன்று அந்த முனை அங்கே இல்லை. ரஷ்யாவின் பக்கமாக வெகுதூரம் நகர்ந்துவிட்டது.

சும்மாடு ஒரு பக்கமாகச் சரிந்தால் அந்தப் பக்கத்துக் காதுக்கு நெருங்கி வரும், மறுபக்கத்துக் காதிலிருந்து விலகும். அதுபோலக் காந்த அச்சு ஆசியாவின் பக்கம் சாய்ந்திருந்த நூற்றாண்டுகளில் ஆசியாக்காரர்கள் துருவ ஒளியை அதிகம் பார்த்திருப்பார்கள். காந்தப்புலம் மொத்தமாக வலுவிழந்தால் சும்மாடே அகலமாகி, துருவத்துக்குத் தூரத்தில் உள்ள ஊர்களுக்கும் தெரியும். அப்படியானால் கணக்கைத் திருப்பிப் போடலாம் அல்லவா? எந்த நூற்றாண்டில் எந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள் என்று தெரிந்தால், அன்றைக்குப் பூமியின் காந்தம் எப்படி இருந்தது என்று பின்னோக்கிச் சொல்லலாம். இதைத்தான் சில ஆராய்ச்சியாளர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்குப் பழைய ஏடு எதற்கு, கருவி இல்லையா என்று கேட்கலாம். காந்தப்புலத்தின் வலிமையைச் சரியாக அளக்கும் முறையை ஜெர்மனியில் காஸ் என்ற கணித மேதை வகுத்ததே 1830-களில்தான். அதற்கு முந்தைய இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குத் திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு ஒதுங்கி நின்றது என்று கப்பல்காரர்கள் எழுதிய குறிப்புகள் கைகொடுக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இந்தியாவுக்கு வந்து போன வழியெல்லாம் மாலுமிகள் அதைக் குறித்து வைத்தார்கள். மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள் தினசரிக் கடமையாக எழுதிய எண்கள் அவை. 1590 முதல் 1990 வரை நானூறு ஆண்டுகளுக்குப் பூமியின் காந்த வரைபடத்தை அப்படிப்பட்ட குறிப்புகளை வைத்தே 2000-ஆம் ஆண்டில் தயாரித்தார்கள். கரை சேர வேண்டும் என்பதற்காக எழுதிய மாலுமிக்கு, தன் எழுத்து இப்படி ஒரு வேலைக்குப் பயன்படும் என்று கனவிலும் தோன்றியிருக்காது.

அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுட்ட மண். செங்கல்லோ பானையோ சூளையில் பழுக்கக் காய்ந்து ஆறும்போது, அதில் உள்ள இரும்புத் துகள்கள் அந்த நாளின் காந்தத்தைத் தமக்குள் வாங்கிக்கொண்டு உறைந்துவிடுகின்றன. ஆய்வகத்தில் அதை மறுபடி சூடாக்கி அளந்தால் பழைய வலிமை தெரியும். இன்னொன்று, கண்ணால் பார்த்து எழுதியவர்களின் சாட்சியம்.

அந்தச் சாட்சியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கியோட்டோ நகரத்துக் கவிஞர் ஃபுஜிவாரா நோ தெய்க்காவுடையது. 1204 பிப்ரவரி 21-ஆம் தேதியும் 23-ஆம் தேதியும், வடக்கிலும் வடகிழக்கிலும் தூரத்தில் தீப்பிடித்தது போலச் சிவந்த ஒளியும் அதற்கிடையே வெளிறிய பட்டைகளும் தெரிந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி, பயமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கடலுக்கு அப்பால் சீனாவில், சோங் வம்சத்து வரலாற்று ஏட்டில், அதே 21-ஆம் தேதி சூரியனில் ஒரு பெரிய கரும்புள்ளி தெரிந்ததாகக் குறிப்பு இருக்கிறது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டு தேதியும் பொருந்துகின்றன. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்து, கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் காந்த அச்சு ஜப்பான் பக்கம் மிகச் சாதகமாகச் சாய்ந்திருந்த காலம் அந்த 1200-ஐ ஒட்டிய காலம்தான் என்பதோடு அது பொருந்துவதைக் காட்டினார்கள். இன்றைக்குக் கியோட்டோவில் அப்படி ஒரு காட்சி அடுத்தடுத்து வருவது மிக அரிது.

இன்னும் பழையது பாபிலோன். அங்கே வானத்தைத் தினமும் பார்த்துக் களிமண் பலகையில் எழுதி வைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். கி.மு. 567 மார்ச் மாதம் ஓர் இரவில் மேற்கே சிவப்பு ஒளி எழுந்ததாக அதில் ஒரு பதிவு. ஈராக்கில் இன்று துருவ ஒளி பார்ப்பது மிக அரிது. அன்று காந்த முனை அந்தப் பக்கம் இன்னும் நெருங்கியிருந்தது என்று வேறு சான்றுகளும் சொல்வதால், அது துருவ ஒளியாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். "இருக்கலாம்" என்ற சொல்லை அவர்கள் விடுவதில்லை. அதுதான் எனக்கு அவர்களிடம் பிடித்தது.

ஏனென்றால் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நாள் ஓர் ஊரில் ஒளி தெரிந்தது என்றால், காந்த முனை அருகில் இருந்ததாலும் தெரிந்திருக்கலாம், சூரியப் புயல் அசாத்திய வலுவாக இருந்ததாலும் தெரிந்திருக்கலாம். ஒரே சமன்பாட்டில் தெரியாத எண்கள் இரண்டு. ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு இதை அவிழ்க்க முடியாது. பல ஊர்களின் குறிப்புகளும், பல பத்தாண்டுகளின் எண்ணிக்கையும், சுட்ட மண்ணின் அளவும் சேர்ந்தால்தான் முடிச்சு தளரும். 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் அநேகமாக இல்லாமல் போன காலத்தில் ஐரோப்பாவில் துருவ ஒளியும் குறைந்துபோனது. அங்கே குறைந்ததற்குக் காரணம் காந்த முனையல்ல, சூரியன். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இந்த வேலையில் "பார்க்கவில்லை" என்ற பதிவுக்கும் மதிப்பு உண்டு. தினமும் எழுதுகிற ஆள் ஒரு நாள் ஒன்றும் எழுதாமல் விட்டால், அதுவும் ஒரு செய்தி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1859 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அதில் பளீரென்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார். பதினேழு, பதினெட்டு மணி நேரம் கழித்து பூமியில் காந்தப் புயல் அடித்தது. ஹவாய், கியூபா போன்ற வெப்பமண்டல ஊர்களில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியில் தானாக ஓடிய மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள்.

நானும் தந்தி இலாகாவில் மோர்ஸ் கட்டையைத் தட்டிப் பிழைப்பைத் தொடங்கியவன் என்பதால், இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு விரல் துடித்தது. எங்களுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுத்ததே நேரம் குறிப்பதுதான். வாங்கிய நேரம், அனுப்பிய நேரம், கையெழுத்து. பயிற்சி கொடுத்த பெரியவர், "நேரம் போடாத தந்தி, தந்தியே இல்ல தம்பி" என்பார். பாஸ்டன் ஊழியர்களும் அப்படி எழுதி வைத்ததால்தான் நூற்றறுபது ஆண்டுகள் கழித்து நாம் இதைப் பேசுகிறோம்.

அந்தப் புயல் அடித்த நேரம் பம்பாயில் பட்டப்பகல். வானத்தில் ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கொலாபாவில் 1841 முதல் காந்த அளவீடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். தானியங்கிக் கருவி கிடையாது. மனிதர்கள் முறைபோட்டு உட்கார்ந்து, முள்ளின் அசைவைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். முள் ஆட ஆரம்பித்ததும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதினார்கள். கிடைநிலைக் காந்தப்புலம் சுமார் 1600 நானோடெஸ்லா சரிந்தது. சாதாரணப் பெரிய புயலிலேயே சில நூறுதான் சரியும். ஐரோப்பாவில் பல நிலையங்களில் கருவியின் அளவுகோலைத் தாண்டி முள் ஓடிவிட்டது. கொலாபாக் காகிதத்தில் மட்டும் எண் முழுதாக நின்றது. 2003-இல் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் லக்கினா, அலெக்ஸ் ஆகியோரும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து அந்தப் பழைய பதிவை எடுத்து ஆராய்ந்தபோது, உலகமே திரும்பிப் பார்த்தது. நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்தத் தாளை யாரும் தூக்கிப் போடவில்லை என்பதைத்தான் நான் இங்கே அடிக்கோடிடுகிறேன்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1872 பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு, பம்பாயிலேயே துருவ ஒளி கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாரத்துப் பத்திரிகையில் செய்தி வந்தது. பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி மணிக்கணக்கில் தடுமாறியது. 2023-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிசாஷி ஹயகாவாவின் தலைமையில் பல நாட்டினர் கூடி, சூடானின் கார்ட்டூம் முதல் கிழக்காசியக் கிராமங்கள் வரை அன்றிரவு யார் யார் எங்கெங்கே என்ன எழுதினார்கள் என்று நூற்றுக்கணக்கான குறிப்புகளைத் திரட்டி, அந்தப் புயல் 1859-க்கு நிகரானது என்று காட்டினார்கள். பெரும்பாலான குறிப்புகளை எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். பத்திரிகைக்காரர்கள், ஊர்க் கணக்கு எழுதியவர்கள், நாட்குறிப்பு எழுதிய சாமானியர்கள்.

பம்பாயில் தெரிந்தது இலத்தூரில் ஏன் தெரியாது? நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். வடமுனைச் சும்மாட்டுக்கும் தென்முனைச் சும்மாட்டுக்கும் ஒரே தூரத்தில், இரண்டிலிருந்தும் அதிகபட்சத் தொலைவில். நடுவில் சமநிலையாகத் தொங்கவிட்ட ஒரு காந்த முள்ளை வடக்கே கொண்டுபோகப் போக அதன் மூக்கு கீழே சாயும். வட காந்த முனையில் செங்குத்தாக நிற்கும். நம் பக்கத்தில் அது அநேகமாகக் கிடையாகவே இருக்கும். உலகத்தில் துருவ ஒளி தெரியவே தெரியாத இடம் எது என்று கேட்டால், நம் தென்காசி வட்டாரத்தைத் தைரியமாகக் கைகாட்டலாம்.

ஆனால் தெரியாத இடம் என்பதால் நம் பகுதி இந்தக் கதைக்கு வெளியே இல்லை. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் ஒரு வானாய்வகம் கட்டினார். அங்கே 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குக் காந்த முள்தான் உயிர். உயரத்துக்குத் தக்கபடி காந்த அளவு மாறுகிறதா என்று பார்க்க, 1855 வாக்கில் நம் அகத்தியமலையின் மேல், ஆறாயிரம் அடி உயரத்தில், ஒரு காந்த ஆய்வகம் அமைத்தார். யானை நடமாடும் காட்டு வழியில் கருவிகளைச் சுமந்தவர்களும், மேகம் மூடிய உச்சியில் குளிரில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்து எழுதியவர்களும் இந்த மண்ணின் ஆட்கள். அந்த அளவீடுகள் 1874-இல் லண்டனில் புத்தகமாக வந்தன. பிரவுன் 1865-இல் ஊர் திரும்பிவிட்டார். புத்தகத்தின் தலைப்பில் உள்ள ஆண்டுகளோ 1852 முதல் 1869 வரை. துரை போன பிறகும் உள்ளூர் உதவியாளர்கள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அந்த எண்களிலிருந்து பிரவுன் கண்டது சாதாரண விஷயமல்ல. காந்தக் கலக்கம் ஏதோ ஓர் ஊரில் மட்டும் நடப்பதில்லை, பூமி முழுவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது என்றார். இருபத்தாறு நாள் அளவில் ஒருமுறை அது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் சொன்னார். விண்கலம் இல்லாத காலத்தில், மலையும் ஏடும் பொறுமையும் மட்டுமே கொண்டு. 1963 நவம்பர் 21-இல் தும்பாவில் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் அதே காந்த நடுக்கோடுதான் காரணம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன அதே ஊரில், புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இன்றும் இயங்குகிறது. அங்கே காந்தமானிகள் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சிற்பம் பார்க்கப் பள்ளிக்கூடப் பேருந்து போகிறது. போகட்டும். ஆய்வகத்தின் அனுமதி பெற்று அதையும் ஒரு முறை காட்டலாமே.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கயிலாயத்தில் சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததும், பூமியைச் சமன்செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டதும் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. நம் ஊர் மதுநாதசுவாமி கோயில் தலவரலாற்றிலும் அகத்தியர் வருகிறார், குற்றாலத்திலும் வருகிறார். காந்த முள்ளும் வடக்கே தாழ்ந்து, அகத்தியமலைப் பக்கத்தில் சமமாகிறது. கேட்கவே இனிக்கிறது, இல்லையா? எனக்கும் இனித்தது. ஆனால் இது பொருத்தம் மட்டுமே, சான்று அல்ல. நம் முன்னோர் காந்தச் சரிவை அளந்து இந்தக் கதையைக் கட்டினார்கள் என்று சொல்ல ஒரு வரி ஆதாரமும் கிடையாது. கதையைக் கதையாக வைத்துக் கும்பிடுவோம். அகத்தியருக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

பழைய நூல்களில் வானத்துச் சிவப்பைப் பற்றிப் பேச்சே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் "திக்தாகம்", அதாவது திசை எரிவது போலத் தெரிதல், என்று ஓர் அத்தியாயமே உண்டு. எந்த நிறத்தில் எரிந்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று பலன் சொல்லியிருக்கிறது. எந்த வருஷம், எந்த ஊரில், யார் பார்த்தார்கள் என்பது இல்லை. பலன் சொல்லும் நூலுக்கு அது தேவைப்படவில்லை. கியோட்டோக் கவிஞரின் ஒரு வரி இன்று உலக ஆய்வுக்குப் பயன்படுகிறது, அந்த அத்தியாயம் பயன்படவில்லை என்றால் காரணம் அறிவுக் குறைவு அல்ல, தேதிக் குறைவு.

தமிழனுக்குத் தேதி போட்டு எழுதத் தெரியாது என்றும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ராஜாவின் ஆட்சியாண்டும், நட்சத்திரமும், கிழமையும் பொறித்த கல்வெட்டுகள் நம் கோயில் சுவர்களில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் சொல்லப்பட்ட கிரகணங்களை வைத்தே வரலாற்றுக்காரர்கள் ஆண்டுகளைச் சரிபார்க்கிறார்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பழக்கம் இருந்தது. பாதுகாப்பதில்தான் நாம் ஏமாந்தோம்.

என் பெரியப்பா ஒருவர் இலத்தூரிலேயே விவசாயம் பார்த்தவர். கணக்குநோட்டின் பின்பக்கங்களில் அவர் வருஷாவருஷம் எழுதுவார். எந்தத் தேதியில் சாரல் இறங்கியது, எந்தத் தேதியில் குளம் பெருகி மறுகால் பாய்ந்தது, பங்குனியில் மலையில் தீ தெரிந்தது எத்தனை இரவு, எந்த வருஷம் கார் தவறியது. அலங்காரம் ஒன்றும் இருக்காது, வரிக்கு ஐந்தாறு சொல். நான் வடநாட்டில் வேலையில் இருந்த காலத்தில் அவர் தவறிப்போனார். வீடு கைமாறியது. அடுக்கி வைத்திருந்த நோட்டுகள் எல்லாம், எத்தனை வருஷத்து நோட்டோ, பழைய இரும்போடு இரும்பாக எடைக்குப் போய்விட்டன. அதில் துருவ ஒளி இருந்திருக்காது. ஆனால் குற்றாலத்தில் சாரல் தள்ளிப்போகிறதா, முந்திவருகிறதா என்று இன்று எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறோமே, அதற்குப் பதில் அதில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

நம் வானத்திலும் எழுத வேண்டியவை வராமல் இல்லை. 1883 ஆகஸ்டில் ஜாவாவுக்கு அருகே கிரகத்தோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கருவி வைத்தும் பார்த்து எழுதினார். பல ஊர்க்காரர்களின் தேதிகளைக் கோத்துப் பார்த்துத்தான் எரிமலைத் தூசி உயரக் காற்றில் பூமியைச் சுற்றிவந்த வேகத்தையே கணக்கிட்டார்கள்.

"இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே, நம் ஆதித்யா எல்-1 கூடச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே, பழைய கதை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1989 மார்ச்சில் ஒரு காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தையே ஒன்பது மணி நேரம் இருட்டாக்கியது. 1859 போல ஒன்று இன்று வந்தால் அதைவிட மோசமாகும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் உயரே ஓடும் மின்னோட்டம் காந்த அதிர்ச்சியைப் பெரிதாக்கும் என்பதால் நாமும் முழுதாகத் தப்பியவர்கள் அல்லர். அப்படிப்பட்ட புயல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும்? பூமியின் காந்தம் 1840-களிலிருந்து நூறாண்டுக்குச் சுமார் ஐந்து சதவீதம் என்ற அளவில் குறைந்து வருகிறதே, முன்பும் இப்படிக் குறைந்து மீண்டிருக்கிறதா? செயற்கைக்கோளின் வயது அறுபதுக்குச் சற்று மேல். அறுபது வயது அனுபவத்தை வைத்து ஆயிரம் ஆண்டுக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அதற்குத் தாத்தாக்களின் ஏடு வேண்டும்.

ஆகவே என் வயதொத்த நண்பர்களிடம் சில வேண்டுகோள்கள். பரணில் இருக்கும் பழைய நோட்டு, பஞ்சாங்கம், பனையோலை எதையும் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டுங்கள். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியதைக் குறிப்பாகப் பாருங்கள். தேதியும் சம்பவமும் சேர்ந்து இருக்கிறதா? இருந்தால் பேரப்பிள்ளையின் போனில் படம் பிடித்து வையுங்கள். ஓலையாக இருந்தால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அச்சுப் புத்தகம், பத்திரிகை என்றால் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. படிக்கத் தெரியவில்லை என்பதற்காக எறிய வேண்டாம். படிக்கத் தெரிந்தவர் நாளை வருவார்.

பழையதைக் காப்பதோடு நில்லாமல் புதிதாக எழுதவும் செய்யுங்கள். ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை, பார்த்தது என்ன. மேற்கே சிவப்பு என்றால் அது அந்தியா, மலைத்தீயா என்று யோசிக்க வேண்டாம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் காரணத்தை எழுதாதீர்கள். பயமாக இருந்தால் பயமாக இருந்தது என்றே எழுதுங்கள், அந்தக் கவிஞரும் அப்படித்தான் எழுதினார். இன்று சாரல் காலையிலேயே இறங்கிவிட்டது. இலத்தூரில் 6.40-க்கு, மேற்கிலிருந்து, ஓட்டில் சத்தம் கேட்கிற அளவுக்கு. நான் எழுதியாயிற்று.